எங்களுக்கு ஒரு காரணமும் ஒரு திகதியும் வேண்டும்

திருகோணமலை நகரின் பொது மண்டபத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை நடந்தது தங்களுக்குத் தெரியும். பணம் கட்டிப் பற்றுச்சீட்டும் பெற்றிருந்த எங்கள் திரையிடல், அன்று நண்பகலில் வந்த ஒரு தொலைபேசி அழைப்போடு ரத்தானது. "அது அரசியல் படமாம், மேலிடம் விரும்பவில்லை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கடிதம் இல்லை, கையொப்பமும் இல்லை. மேலிடம் என்றால் யார் என்று கேட்டோம். பதில் வருவதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

நாங்கள் காட்டவிருந்தவை மணிவண்ணன் இயக்கிய 'அமைதிப்படை'யும் அதன் தொடர்ச்சியான 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.'வும். முதலாவது 1994இல் வந்தது, இரண்டாவது 2013இல் வந்தது. இரண்டுமே தமிழ்நாட்டு அரசியலைக் கிண்டல் செய்பவை. நம் ஊர் அரசியல்வாதி எவருடைய பெயரும் அவற்றில் இல்லை. முதல் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காத தமிழ் வீடு இந்த மாவட்டத்தில் குறைவு. வரவேற்பறையில் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்த ஒரு படம், மண்டபத்தில் நூறு பேர் சேர்ந்து பார்க்கும்போது மட்டும் எப்படி ஆபத்தாகிறது?

மண்டபத்துக்கு வெளியே அன்று நடந்ததைத் தாங்கள் பார்க்கவில்லை. ஆகவே அதைச் சொல்லியாக வேண்டும்.

சம்பூர்ப் பக்கத்திலிருந்து பெண்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வான் பிடித்து வந்தார்கள். தங்கள் அலுவலகத்தின் அழைப்பு எங்களுக்கு வந்தபோது அந்த வான் மூதூரைக் கடந்து கிண்ணியாவை நெருங்கிவிட்டது. வந்து இறங்கியபோது வாயிற்கதவில் பூட்டு. காவலாளிக்கு ஒன்றும் தெரியாது. சோற்றுப் பொட்டலங்களை மடியில் வைத்தபடி, வெயிலில், மதில் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்த அம்மா ஒருவருக்கு முழங்கால் மடங்காது. காவலாளி தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரையைக் கம்பிகளுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார். அன்று அந்த மண்டபத்தின் பக்கமிருந்து கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். பணம் வாங்கிய அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

அந்த அம்மா கேட்டது முதல் படத்தை அல்ல. இரண்டாவது படத்தில் ஓர் அரசியல்வாதி, காட்டில் வாழும் மக்களை அப்புறப்படுத்தி அந்த நிலத்தை ஒரு கம்பனிக்குத் தரப் பார்க்கிறான். அந்தக் கதையைக் கேள்விப்பட்டுத்தான் அவர்கள் புறப்பட்டு வந்தார்கள். சம்பூர் மக்கள் 2006இல் போரால் ஊரை விட்டு ஓடியவர்கள். அவர்களுடைய காணி முதலில், பொதுமக்கள் நுழைய முடியாத உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு அதில் 818 ஏக்கர் வர்த்தமானி அறிவித்தல் மூலம் முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த வர்த்தமானி 2015இல் ரத்துச் செய்யப்படும்வரை அவர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். தங்களுக்கு நடந்தது போன்ற ஒன்றைத் திரையில் பார்க்கவும், அதைச் செய்தவனைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லையா? ஏறத்தாழப் பத்து வருடம் அழுதவர்களுக்கு இரண்டரை மணி நேரச் சிரிப்பைக் கொடுக்க யார் பயப்படுகிறார்கள்?

முதல் படத்தில் வாக்கு எண்ணும் காட்சி ஒன்று உண்டு. கோயில் வாசலில் சிதறு தேங்காய் பொறுக்கிய அமாவாசை என்பவன், வேட்பாளராகி நாற்காலியின் நுனியில் பணிவாக உட்கார்ந்திருப்பான். முன்னிலை ஏற ஏற அவன் சாய்ந்து உட்காருவான், கால் மேல் கால் ஏறும், தன்னை அரசியலுக்குக் கொண்டுவந்தவரை அழைக்கும் மரியாதையும் படிப்படியாகக் குறையும். சத்யராஜ் அதில் வசனத்தைவிட உடம்பாலேயே நடித்திருப்பார். அரசியல் எப்படி ஒரு மனிதனை மாற்றுகிறது என்பதற்கு நான் பார்த்த மிகச் சிறந்த பாடம் அது. முதல் முறை வாக்களிக்கப்போகும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, படம் முடிந்ததும் அவர்களைப் பேசவைக்க விரும்பினோம். எங்கள் திட்டம் இவ்வளவுதான்.

இதே மண்டபத்தில் எல்லா நிறக் கட்சிகளும் கூட்டம் நடத்தியிருக்கின்றன. அவற்றுக்கு யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை, நாங்களும் சொல்லமாட்டோம். அரசியல்வாதி மேடையேறி வாக்குறுதி கொடுக்க இடம் உண்டு, வாக்குறுதி கேட்டு ஏமாந்தவன் கூடிச் சிரிக்க இடம் இல்லை என்றால், அந்த மண்டபம் யாருடையது? வரி கட்டுபவர்கள் நாங்கள். இந்த நகரத்தில் மாலையானால் கடற்கரையை விட்டால் கூடிப் பேச வேறு இடம் இல்லை. நூலகம் பூட்டிவிடும். திரையரங்கில் புதுப்படம் மட்டும்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு கைபேசியோடு தனித்தனி மூலைக்குப் போய்விட்டார்கள். ஒரே திரையைப் பார்த்து நாலு தலைமுறை சேர்ந்து சிரிக்கும் ஒரு மாலையை உண்டாக்க நாங்கள் பட்ட பாட்டை ஒரு தொலைபேசி அழைப்பு கலைத்துவிட்டது. கோபம் வருகிறது ஐயா, மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் இந்த மடல் சண்டைக்காக எழுதப்பட்டதல்ல. தங்கள் அலுவலகத்தில் எங்களுக்கு உதவிய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி உண்டு. நாங்கள் கேட்பது இரண்டே விடயங்கள். அனுமதி ஏன் ரத்தானது என்பதை எழுத்தில், பொறுப்பானவரின் கையொப்பத்தோடு தாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் காரணம் சொல்வது பொது அதிகாரசபையின் கடமை. அது சலுகையாக இரந்து பெறுவதல்ல. அடுத்து, இதே திரையிடலுக்குப் புதிய திகதி ஒன்றைத் தாருங்கள். கட்டிய பணத்தை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை, அதை அந்தத் திகதிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களில் உண்மையாகவே தங்களுக்குச் சங்கடமான காட்சி ஏதும் இருந்தால், அழையுங்கள். மடிக்கணினியோடு தங்கள் அலுவலகத்துக்கே வருகிறோம், சேர்ந்து பார்ப்போம், பேசுவோம். ஆனால் பார்க்காமலே தடுக்க வேண்டாம்.

திகதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. சம்பூரிலிருந்து வருபவர்கள் கூலிவேலைக்குப் போகிறவர்கள், மற்ற நாளில் வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். இந்த முறை அவர்களுக்கு வான் கூலியை நாங்களே கொடுப்பதாக முடிவுசெய்திருக்கிறோம். தயவுசெய்து இந்த மாதம் முடிவதற்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
திரையிடல் ஏற்பாட்டாளர்கள் சார்பில்,
திருகோணமலை