பியானோவை மூடிவிட்டுப் பாடிப் பாருங்கள்

அமெரிக்கக் கத்தோலிக்க ஆலயங்களுக்குப் பாடல் நூல் தொகுப்போர்க்கு வணக்கம்.

1960, 70களின் ஜாஸ் சாயல் திருப்பலி இசையை வைப்பதா, கழிப்பதா என்ற விவாதத்தில் இரு தரப்பும் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, பற்றியே பேசுகின்றன. 'மேஜர் செவன்த்' என்ற கார்டைக் கேட்டாலே ஹோட்டல் முன்கூடம் நினைவுக்கு வருகிறதாம். இருக்கட்டும். எங்கள் கணிப்பில் பழசாகிப்போனது கார்டு அல்ல, மக்கள் பாடும் வரி.

அந்த வரிகளில் முக்கியச் சொல் முதல் தட்டுக்கு அரைத் தட்டு முன்பே விழும். கர்நாடக இசையின் அதீத எடுப்பைப் போல. தனிப் பாடகருக்கு அது அழகு. முந்நூறு பேர் தட்டைக் கேட்ட பிறகுதான் வாய் திறப்பார்கள். நிமிடத்துக்கு 160 தட்டு என்றால் ஒரு தட்டு 0.375 நொடி, எதிரொலி 3 நொடி நீடிக்கும் கல் ஆலயத்தில் எட்டுத் தட்டுகளின் சிம்பல் ஓசை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மக்கள் பின்தங்குவார்கள், பியானோ சத்தத்தைக் கூட்டும், வேகம் இன்னும் விழும். ஆகவே மக்கள் வரியில் அசையைத் தட்டின்மேல் வையுங்கள். இப்படித் தட்டுக்கு முன் தள்ளுவது பாடகர் குழுவின் மறுமொழியில் இருக்கட்டும். சிம்பலுக்குப் பதில் ஸ்நேர் டிரம் மேல் பிரஷ். பேஸ் கருவிக்கு ஒரு அளவுக்கு (தாளச் சுற்றுக்கு) நான்கல்ல, இரண்டு ஸ்வரம் போதும்.

ஸ்விங்கை, அதாவது தட்டின் முதல் பாதியை நீட்டி மறு பாதியைக் குறுக்கும் ஜாஸ் நடையை, புள்ளியிட்ட எட்டாம் (முக்கால் தட்டு), பதினாறாம் (கால் தட்டு) ஸ்வரங்களாக அச்சிடுவதையும் நிறுத்துங்கள். வாசிப்பவர் அதை 3:1 என்றே நொண்ட வைப்பார். சம எட்டாம் (அரைத் தட்டு) ஸ்வரங்களாக எழுதி, மேலே 'ஸ்விங்' என்று குறித்தால் ஏறத்தாழ 2:1 தானாக வரும்.

வழிபாட்டோடு மோதும் இடங்களும் உண்டு. தொடக்கவுரை முடிந்ததும் 'தூயவர்' உடனே எழ வேண்டும். எட்டு அளவு பியானோ முன்னிசை அங்கே தடுப்புச் சுவர். ஒரு கார்டு போதும். 'இறைவனின் செம்மறியே' அப்பம் பிடும் வரை நீள வேண்டியது. அதைத் திரும்பப் பாடும்படி எழுதாதவை ஒன்று முந்தி முடியும், அல்லது குருவைக் காக்க வைக்கும்.

2011 நவம்பரில் வந்த புதிய ஆங்கிலத் திருப்பலி நூல் இன்னொரு வெட்டு. 'தூயவர்' பாடலின் பழைய 'காட் ஆஃப் பவர் அண்ட் மைட்' ஆறு அசை; அதற்குப் பதில் வந்த 'காட் ஆஃப் ஹோஸ்ட்ஸ்' மூன்று. மீதி மூன்று ஸ்வரங்களை ஒரே அசையில் இழுத்து ஒட்டுப்போட்ட பதிப்புகளைத் தயங்காமல் கழிக்கலாம்.

வழிபாட்டு இசை குறித்து வத்திக்கான் 1967இல் வெளியிட்ட 'மூசிக்காம் சாக்ரம்' ஆவணம், பொதுக் கருத்துப்படி உலகியல் இசைக்கே உரிய கருவிகளை விலக்கச் சொன்னது. பொதுக் கருத்து மாறும் என்பதுதான் வேடிக்கை: அன்று நடன அரங்கை நினைவூட்டிய இசை இன்று லிஃப்டை நினைவூட்டுகிறது.

எல்லாம் வாடவில்லை. 1964இல் செயின்ட் லூயிஸில் ஆங்கிலத் திருப்பலியில் பாடப்பட்ட, குருவும் இசையமைப்பாளருமான கிளாரன்ஸ் ரிவர்ஸின் 'காட் இஸ் லவ்' கருவியில்லாமலும் நிற்கிறது. ஜாஸ் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸின் திருப்பலி இசை 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. அதைப் பயிற்சி பெற்ற பாடகர் குழுவிடமே ஒப்படையுங்கள். இன்னொரு ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் திருப்பலி இசை 'டு ஹோப்!' பாடகர் குழு, இசைக்குழு, ஜாஸ் குழு எல்லாம் கேட்பது. சாதாரண ஞாயிறுக்கு ஆகாது என்பது அதன் குறையல்ல.

அடுத்த பதிப்புக்கு முன் ஒவ்வொன்றையும் கருவியில்லாமல் பாட வையுங்கள். மக்கள் வரி கார்டின் அடி ஸ்வரத்திலிருந்து எண்ணி ஏழாவதிலோ ஒன்பதாவதிலோ முடிந்தால், துணையின்றி யாருக்கும் அந்த ஸ்வரம் கிடைக்காது. அங்கே முடிவை மாற்ற உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதைப் பாடகர் குழுப் பகுதிக்கு நகர்த்துங்கள்.

இப்படிக்கு,
பாடகர் குழுப் பயிற்றுநர்கள் சிலர்