ஆறு சொல்லை வைத்து மொழிக் குடும்பம் சொல்ல முடியுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அழிந்த மொழிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், எத்தியோப்பியாவின் வெய்த்தோ மொழியை, குஷிட்டிக் என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது.

வெய்த்தோ மக்கள் டானா ஏரிக்கரையில் நீர்யானை வேட்டையாடிப் பிழைத்தவர்கள். அந்தக் கறியைத் தின்கிறார்கள் என்றே அக்கம்பக்கத்தார் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1770 வாக்கில் அங்கே போன ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ், இவர்கள் பேச்சு அபிசீனியாவின் (எத்தியோப்பியாவின் பழைய பெயர்) வேறெந்த மொழியோடும் ஒட்டவில்லை என்று எழுதினார். சரி, அதில் நாலு வார்த்தையாவது குறித்தாரா என்றால் இல்லை. அரசரிடம் சொல்லி இரண்டு பேரை வரவழைத்து, தூக்கில் போடுவோம் என்று மிரட்டியும்கூட அவர்கள் பதில் சொல்லவில்லை, கேட்டது புரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல விசாரணை!

அப்புறம் 1907இல் ஜெர்மன் அறிஞர் மிட்வோக் எழுதும்போது எல்லாரும் அந்நாட்டின் முக்கிய மொழியான அம்ஹாரிக்குக்கு மாறியிருந்தார்கள். 1928இல் போன பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோலிடம் ஒருவர் பழைய மொழியில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். நீர்யானையின் உடல் உறுப்புகளைக் குறிக்கும் சில சொற்களைத் தவிர, பாடியவருக்கே அதன் பொருள் தெரியாது. அந்தப் பாட்டையும் யாரும் எழுதி வைக்கவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிரியோல் திரட்டிய சொற்பட்டியலை 1939இல் பிரெஞ்சு மொழியியலாளர் மார்செல் கோஹன் அலசிப் பார்த்தார். பெரும்பாலானவை வெளியாட்களுக்குப் புரியக்கூடாது என்று ஒலியையோ பொருளையோ திரித்த அம்ஹாரிக் சொற்கள், அவர்கள் முஸ்லிம்கள் என்பதால் வந்து சேர்ந்த அரபுச் சொற்கள், கொஞ்சம் குஷிட்டிக் கடன் சொற்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மிஞ்சியவை ஆறே ஆறு: மீன் செதில், இறக்கை, கொசு, தோள், நீர்யானைத் தொடை, நீர்யானை முதுகெலும்பு. இதில் 'நான், நீ' இல்லை, ஒன்று இரண்டு இல்லை, ஒரு வினைச்சொல்கூட இல்லை. பிறகு எதை எதோடு ஒப்பிட்டு உறவு சொல்வது?

கோஹனே அகாவ் ஆகவும் இருக்கலாம், அம்ஹாரிக்கும் அரபும் சேர்ந்த செமிட்டிக் குடும்பத்தின் வேறொரு மொழியாகவும் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்தார். அகாவ் குஷிட்டிக்கின் ஒரு கிளை, உங்கள் கட்டுரையாளர் அதைப் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. இரண்டிலும் சேராத கிழக்கு சூடானிய மொழியோ என்ற ஊகமும் உண்டு. சுற்றியிருந்தவர்கள் அகாவ் பேசினார்கள் என்பதால் இவர்களும் அதைத்தான் பேசியிருப்பார்கள் என்பது நியாயமான ஊகம்தான், ஆனால் அந்தப் பேச்சு எதோடும் ஒட்டவில்லை என்றுதானே புரூஸ் எழுதினார்!

1965இல் மானிடவியலாளர் காம்ஸ்ட் போனபோது, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிய சொற்களில்கூட ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இனி புதிதாக ஆதாரம் கிடைப்பது கடினம். எனவே இணையப் பதிப்பிலாவது அந்த வரியை 'வகைப்படுத்தப்படாதது' என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி