அப்பா கேட்ட மைலேஜ் கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? போனில் நீங்கள் கேட்டது மூன்றே கேள்விதான்: என்ன வண்டி, என்ன மைலேஜ், எதற்குப் பழைய வண்டி. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி போனைப் பிடுங்கி, "அமெரிக்கா போயும் ஒரு எஸ்யூவி வாங்க மாட்டியா" என்று ஆரம்பித்துவிட்டான். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவரிடம் அரைகுறையாகப் பதில் சொல்ல மனசில்லை. வாங்கியது பழைய டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், அதாவது பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். அதை ஏன் எடுத்தேன் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ஆபீஸ் 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர். போக வர 110 மைல். அதில் ஐந்தாறு மைல்தான் ஊருக்குள், மீதியெல்லாம் ஹைவே. இங்கே பஸ் ஓடுகிறது, ஆனால் நான் போகும் திசைக்கு ஓடவில்லை. ஆபீஸ் பக்கமே குடி போகலாம் என்றால் உங்கள் மருமகளின் வேலை இந்தப் பக்கம். ஆக, வருஷத்துக்கு 25,000 மைல் ஓட்டியாக வேண்டும். இந்த நாட்டில் ஒருவர் சராசரியாக ஓட்டுவது 13,500 மைல் சுமார். நான் அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை, அவ்வளவுதான். அதனால் அழகு, கெத்து இதெல்லாம் கடைசியில். காலையில் சாவியைத் தொட்டால் கிளம்ப வேண்டும், பெட்ரோலைக் குடிக்கக் கூடாது.

மைலேஜ் விஷயத்தில் இங்கே ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஊருக்குள் எவ்வளவு, ஹைவேயில் எவ்வளவு, இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று மூன்று எண்கள். பழைய மாடல்களுக்கும் அந்த எண்களைத் தேடி எடுத்துவிடலாம். கேலனுக்கு இத்தனை மைல் என்பது கணக்கு. ஒரு கேலன் என்பது 3.785 லிட்டர். இந்தச் சீட்டிலேயே சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும்: 100 மைலுக்கு எத்தனை கேலன். யாரும் அதைப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் சரியான எண் என்று படுகிறது. ஏனென்றால் கேலனுக்கு இத்தனை மைல் என்பது ஆளை ஏமாற்றும். 20 மைல் கொடுக்கும் வண்டியை விற்றுவிட்டு 25 கொடுக்கும் வண்டி வாங்கினால் 100 மைலுக்கு ஒரு கேலன் மிச்சம். 40 கொடுப்பதை விற்று 50 கொடுப்பதை வாங்கினால் மிச்சம் அரை கேலன்தான். கேட்கும்போது பின்னதுதான் பெரிய தாவலாகத் தெரியும்.

என் ஓட்டத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். 25 மைல் கொடுக்கும் எஸ்யூவி என்றால் வருஷத்துக்கு 1,000 கேலன். 50 கொடுக்கும் ஹைபிரிட் என்றால் 500. தம்பியிடம் சொல்லுங்கள், அவன் சொன்ன வண்டியை நான் வாங்கியிருந்தால் வருஷத்துக்கு 1,900 லிட்டர் பெட்ரோல் கூடுதலாக ஊற்றியிருப்பேன், ஆளில்லாத பின் சீட்டுகளைச் சுமந்துகொண்டு போவதற்காக.

சாதாரண பெட்ரோல் கார் போதாதா என்று கேட்பீர்கள். நானும் நெடுநாள் அதிலேயே நின்றேன். டொயோட்டாவின் சின்ன காரான 2022 கொரோலாவில் எல்இ என்ற வகை ஊருக்குள் 30, ஹைவேயில் 38. அதே வருஷத்து கொரோலா ஹைபிரிட் ஊருக்குள் 53, ஹைவேயில் 52. வித்தியாசத்தைப் பாருங்கள்: ஊருக்குள் 23 மைல், ஹைவேயில் 14 மைல்தான். காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மோட்டார் மறுபடி பேட்டரிக்குள் தள்ளுவதுதான் ஹைபிரிட்டின் பெரிய லாபம். நேராக ஓடும் ரோட்டில் பிரேக்கே பிடிப்பதில்லை என்றால் அந்த லாபம் எங்கிருந்து வரும்? அதனால் முழுக்க ஹைவே ஓட்டம் உள்ளவர்களுக்கு, வருஷத்துக்குக் குறைவாக ஓட்டுபவர்களுக்கு, நல்ல சாதாரண செடான் போதும் என்றே சொல்வேன். எனக்கு 25,000 மைல் என்பதால், ஹைவே எண்ணை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் வருஷத்துக்கு 175 கேலன் போல மிச்சம் வருகிறது. அதோடு ஆபீஸை நெருங்கும் கடைசிப் பத்து மைலில் காலை நேரம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அங்கே ஹைபிரிட் தன் வேலையைக் காட்டும்.

சரி, மோட்டார், பேட்டரி, என்ஜின் என்று இத்தனை சாமான் இருந்தால் ரிப்பேரும் அத்தனை வருமே என்று பயந்தேன். இங்கே ஒரு மெக்கானிக்கிடம் கேட்டபோது தலைகீழாகச் சொன்னார். டொயோட்டா ஹைபிரிட்டில் கிளச் கிடையாது. மாறுவதற்குக் கியர் கிடையாது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் என்று அமைந்த ஒரு பிளானட்டரி கியர் செட், அதோடு இரண்டு மோட்டார். அவற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே எல்லாம் நடக்கிறது. தனியாக செல்ஃப் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, அந்த இரண்டில் ஒரு மோட்டாரே என்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும். சிவிடி என்கிறார்களே, பெல்ட் வைத்த கியர்பாக்ஸ், அதுவும் இல்லை. பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும், பாதி வேலையை மோட்டார் பார்த்துக்கொள்வதால். கெட்டுப்போக வேண்டிய சாமான்களில் பாதியை எடுத்தே விட்டார்கள். என்ஜினும் வேறு மாதிரி: காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடும், அட்கின்சன் சைக்கிள் என்கிறார்கள். இழுவை கொஞ்சம் குறையும், ஆனால் பெட்ரோல் மிச்சம். குறையும் இழுவையை மோட்டார் சரிக்கட்டிவிடும். நீங்கள் வரும்போது பானெட்டைத் திறந்து காட்டுகிறேன், மணிக்கணக்கில் பேசலாம்.

பேட்டரி போனால் என்ன செய்வாய் என்று அடுத்துக் கேட்பீர்கள். 2020 மாடலிலிருந்து டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 10 வருஷம் அல்லது 150,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. அதற்கு முன் 8 வருஷம், 100,000 மைல். வண்டி கை மாறினாலும் வாரண்டி கூடவே வரும். 2019 வண்டிகள் சில நல்லதாகவே கிடைத்தன, இந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்கினேன். 60,000 மைல் ஓடிய வண்டியைத்தான் வாங்கியிருக்கிறேன், ஆக என் ஓட்டத்துக்கு மூன்றரை வருஷத்தில் அந்த வாரண்டி தீர்ந்துவிடும். தீரட்டும், அதற்குள் புது வண்டியின் விலைச்சரிவை முதல் ஓனர் தலையில் ஏற்றிவிட்டு நான் ஓட்டியிருப்பேன். பழைய வண்டி எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

வாங்கியது கேம்ரி ஹைபிரிட் எல்இ, 2020. கொரோலா ஹைபிரிட் இருக்க இது ஏன் என்றால், எண்ணைப் பாருங்கள்: ஊருக்குள் 51, ஹைவேயில் 53, சேர்த்து 52. பெரிய வண்டி, அதே பெட்ரோல். சத்தம் குறைவு, சீட் நீளம். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகிறவனுக்கு முதுகும் ஒரு பாகம்தானே, அதற்கு உதிரி கிடைக்காது. உங்கள் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு 22 கிலோமீட்டர். டிப்போவில் டீசல் கணக்கு எழுதுகிறவர் பார்த்தால் நம்ப மாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கேம்ரி ஹைபிரிட்டில் விலை கூடிய எஸ்இ, எக்ஸ்எல்இ வகைகள் 46 தான் கொடுக்கின்றன. எடை கூடுதல், 18 அங்குல வீல். எல்இ-யில் 16 அங்குலம். சின்ன வீல் என்றால் டயரின் பக்கச்சுவர் தடிமனாக இருக்கும், குழியில் இறங்கினால் ரிம் தப்பும், மாற்றும்போது டயர் விலையும் குறைவு. ஷோரூமில் இருந்த ஆள் எல்இ-யைக் காட்டவே யோசித்தார். "சார், இது பேஸிக்" என்று இரண்டு முறை சொன்னார். பேஸிக்தான் வேண்டும் என்றேன். முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் பார்த்த வண்டி வேறு. மெழுகு பூசினாற்போல் பளபளவென்று நின்றது. நீங்கள் பழக்கிய பழக்கம், நான் பெயின்ட்டைப் பார்க்காமல் போல்ட்டைப் பார்த்தேன். முன் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தது. கழற்றாமல் அந்தத் தடம் வராது. டைட்டிலைக் கேட்டேன், அதாவது இங்கத்திய ஆர்சி புக். 'ரீபில்ட்' என்று முத்திரை. பெரிய விபத்தாகி இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டியைச் சரிசெய்து மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்தால் இப்படி எழுதிவிடுவார்கள். விற்கிறவர் அதுவரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வண்டி பார்க்க ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். டிரைவர் பக்கம் முன் கண்ணாடியின் கீழ் மூலையில் 17 எழுத்து எண் ஒன்று தெரியும், விஐஎன் என்பார்கள். அதன் பத்தாவது எழுத்து மாடல் வருஷம். 2020 என்றால் எல். அந்த எண்ணைக் கொடுத்தால் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய குறை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை இலவசமாகச் சொல்லிவிடும். அடுத்து, விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோய் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்வது. பனிக்காலத்தில் இங்கே ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், ஐஸ் உருக. மேலே புதுசாக இருக்கும் வண்டிக்கு அடிப்பக்கம் துரு ஏறியிருக்கும். நான் வாங்கிய வண்டியின் சைலன்சரில் மட்டும் மேலோட்டமான துரு, சேசிஸ் சுத்தம். மெக்கானிக் இன்னொன்றும் செய்தார்: பின் சீட்டின் கீழே பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் ஒன்று உண்டு, அதில் டார்ச் அடித்து, ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். ஒரு கைப்பிடி நாய் முடி விழுந்தது. அது அடைத்தால் பேட்டரி சூடாகும், ஆயுசு குறையும். வாங்குகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட அங்கே பார்ப்பதில்லை என்றார். பிறகு பேட்டரிக்கு டெஸ்ட் போட்டுப் பார்த்து, சரி என்றார்.

எலெக்ட்ரிக் கார் யோசிக்கவில்லையா என்று தம்பி கேட்பான். யோசித்தேன். இவ்வளவு ஓட்டம் உள்ளவனுக்கு வீட்டில் சார்ஜர் இருந்தால் அதுதான் லாபம், அதில் சந்தேகமே இல்லை. நாங்கள் இருப்பது அபார்ட்மென்ட், பார்க்கிங்கில் பிளக் கிடையாது. வீடு மாறும்போது பார்க்கலாம்.

இனி ஓட்டுகிற விஷயம். இங்கே எல்லோரும் 75 மைலில் பறக்கிறார்கள். நான் 65. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 65-லிருந்து 75-க்குப் போனால் அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நேரத்தில் லாபம் என்ன? 55 மைலுக்கு ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷம் சீக்கிரம் போய் ஆபீஸில் என்ன செய்யப் போகிறேன்? வலது லேனில் நிம்மதியாகப் போகிறேன். டயர் காற்று மாதம் ஒரு முறை பார்க்கிறேன், டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு; டயரிலேயே எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைத்துப் பலர் நிரப்புகிறார்கள். குளிரில் காற்று தானாக இறங்கும். மைலேஜும் குளிரில் இறங்கும், ஏனென்றால் உள்ளே சூடு வேண்டும் என்பதற்காகவே என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் 44, 45 என்று காட்டியது. வண்டியில் கோளாறோ என்று முதலில் அரண்டேன், மெக்கானிக் சிரித்தார்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மேடு ஏறும்போது என்ஜின் ஒரே சுருதியில் இரையும், வண்டி அதற்கேற்ப வேகம் எடுக்காத மாதிரி தோன்றும். கியர் மாறும் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு இது எரிச்சல். உங்களுக்கு நிச்சயம் பிடிக்காது. ஸ்டியரிங் இடது பக்கம், ரோட்டில் வலது பக்கம் என்பது வேறு. இன்றைக்கும் சில நாள் இன்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போடுகிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பனி பெய்கிற நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிவிட்டேன். நாலு வீலும் இழுக்கும் வண்டி வாங்கியிருக்கலாமே என்று இங்கேயும் சிலர் சொன்னார்கள். கிளம்புவதற்குத்தான் அது உதவும், நிற்பதற்கு டயர்தான். குளிர்கால டயர் செட் ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

தம்பி கார் வாங்கப் போவதாகச் சொன்னானே, தினம் எவ்வளவு தூரம், அதில் டிராஃபிக் எவ்வளவு, எந்த மாடலில் எந்த வகை என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். லிட்டர் கணக்கு நான் போட்டுத் தருகிறேன். போல்ட் தலைகளை நீங்கள் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்