கடற்பசுக் காப்பகமும் மீன்வளத் துறையின் கடமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக் விரிகுடாவில் அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரையிலான கரையை ஒட்டிய 448.34 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தபோது, இந்தக் கரையில் வாழும் எங்களில் பலர் மனமார மகிழ்ந்தோம். இந்தியாவில் இந்த விலங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இது. தஞ்சாவூர் மாவட்டத்தின் மனோராவில் பன்னாட்டுக் கடற்பசு மையம் ஒன்றை நிறுவும் திட்டமும் அதைத் தொடர்ந்து வந்துள்ளது. இவற்றை முழு மனதோடு வரவேற்கும் அதே வேளையில், அடிப்படையான ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். காப்பகத்தைக் கவனிப்பது வனத்துறை. எங்கள் கரையில் ஆவுளியா என்று அழைக்கப்படும் கடற்பசு பிழைப்பதும் சாவதும் மீன்பிடி வலையைப் பொறுத்திருக்கிறது. அந்த வலையை முறைப்படுத்தும் அதிகாரமோ மீன்வளத் துறையிடம் உள்ளது. இரு துறைகளும் மீனவர்களோடு உட்கார்ந்து ஒரே திட்டத்தை வகுக்காதவரை, காப்பகத்தின் எல்லைக் கோட்டால் கடற்பசுவுக்குப் பெரிய பயன் இருக்காது.

இந்தக் குறைக்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஏ பிரிவு, உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்துப் பாதுகாப்பகம் அறிவிக்க வழி செய்கிறது. அடுத்து வரும் 36-பி பிரிவு, அதற்கு ஆலோசனை கூற ஒரு மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அக்குழுவில் வனத்துறை, எல்லைக்குள் வரும் ஊராட்சிகள், தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் தலா ஓர் இடம் உண்டு. அந்தப் பட்டியலில் மீன்வளத் துறையின் பெயர் இல்லை. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அப்படியே கடலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நிலத்துக் காப்பகத்தில் மாடு மேய்ப்பவரின் பிரச்சினையைப் பேசக் கால்நடைத் துறை வேண்டுமென்றால், வலை போடும் கடலில் மீன்வளத் துறையும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் எத்தனை மடங்கு அவசியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடற்பசுவின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதன் அவசரம் புரியும். பெண் கடற்பசு ஓர் ஆண்டுக்கு மேல் சினை சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். உகந்த சூழலிலும் இதன் எண்ணிக்கை ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகுவதில்லை என்பது ஆய்வாளர்களின் கணக்கு. காப்பகம் அறிவிக்கப்பட்டபோது இந்தியக் கடலில் ஏறத்தாழ 240 கடற்பசுக்கள் இருப்பதாகவும், அவற்றில் பெரும்பாலானவை தமிழகக் கரையில் வாழ்வதாகவும் அரசு கூறியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பார்த்தாலும், எல்லாம் நன்றாக நடக்கும் ஓர் ஆண்டில் கூடுவது 12தான். ஓராண்டில் வலைகளில் சிக்கி ஒரு சில பெண் கடற்பசுக்கள் மடிந்தாலே, அந்த ஆண்டின் பெருக்கத்தில் கணிசமான பகுதி வீணாகிவிடும்.

அவை வலையில் சாகும் விதத்தையும் சொல்ல வேண்டும். கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிட வேண்டிய பாலூட்டி. பெரிய கண்ணியுள்ள திருக்கை வலையைக் கடற்புல் வளர்ந்த தரையில் மாலையில் இறக்கிவிட்டு விடியலில் எடுப்பது வழக்கம். இரவில் மேய வரும் கடற்பசு அதில் முட்டினால், விடுபடுவதற்காக உடலைச் சுழற்றும். சுழலச் சுழல வலை வாலிலும் முன்துடுப்பிலும் இறுகும். காலையில் வள்ளம் போய்ச் சேரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். உயிரோடு இருந்தால், ஒருவர் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், குப்புறப் படுத்து அதன் மூக்கை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் வாலிலிருந்து தொடங்கி வலையை அறுத்துக்கொண்டே வர வேண்டும். நானூறு கிலோ வரை எடையுள்ள உயிர் திமிறும்போது வள்ளமே சாய்ந்துவிடும். இப்படி விடுவித்த மீனவர்கள் எங்கள் கரையில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை அரசு பாராட்டிப் பரிசளித்தும் இருக்கிறது.

பரிசு கிடைக்காதவர்களின் நிலை வேறு. என் உறவினர் ஒருவர் அப்படி வலையை அறுத்துவிட்டு, இழப்பீடு கேட்டுப் போனபோது, வலை வாங்கிய ரசீது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வலைத் துண்டை ஒரு கடையிலும், கயிறு, மிதவை, ஈயக்குண்டு ஆகியவற்றை வேறு கடையிலும் வாங்கி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கோத்த வலைக்கு ரசீது எங்கிருந்து வரும்? சேதத்தை ஊர்ப் பஞ்சாயத்தும் கூட்டுறவுச் சங்கமும் சான்றளித்தால் போதும் என்று விதியைத் திருத்தி, பதினைந்து நாளுக்குள் பணம் கிடைக்கச் செய்தால், விடுவிப்பதற்கு மீனவர் தயங்கவே மாட்டார்.

இதைவிடக் கடுமையானது செத்துப்போன கடற்பசுவைப் பற்றிய அச்சம். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள கடற்பசு போன்ற விலங்கை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை என்பதை மீனவர்கள் அறிவார்கள். கடற்பசு வேட்டை இந்தக் கரையில் ஒரு காலத்தில் நடந்ததும், இறைச்சி விற்கப்பட்டதும் உண்மை என்பதால், அந்தத் தண்டனை தேவையானதே. ஆனால் வேட்டையாடியவனும், விரும்பாமல் தன் வலையில் ஒன்றைச் சாகக் கண்டவனும் ஒரே வழக்கைக் கண்டு அஞ்சும் நிலையில், இரண்டாமவன் உடலைக் கடலிலேயே விட்டுவிட்டு வாய்மூடி இருந்துவிடுகிறான். அந்தச் சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எந்த வலையில், எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் சாகின்றன என்பது தெரியாமல் எதை வைத்துத் திட்டமிடுவது? தாமாக முன்வந்து உடனே தகவல் தருபவர் மீது, வேட்டைக்கான அறிகுறி இல்லாதவரை வழக்கு இல்லை என்று மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். என் பார்வையில், காப்பகத்துக்காகச் செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான்.

நாட்டுப்படகு மீனவரின் வலையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. கடற்பசு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் தின்னும் என்பார்கள். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் தெளிந்த கரையோரத் தரைகளில்தான் அந்தப் புல் செழிக்கிறது. இறால், நண்டு, ஓரா மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். விசைப்படகு தரையோடு இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி அத்தரையின் மீது போகும்போது புல்லை வேரோடு பெயர்ப்பதோடு சேற்றையும் கிளப்பிவிடுகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் குறைந்து, மடி தொடாத புல்லும் நலிகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழக விதி. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்கும் தடை இருக்கிறது. இரவில் கரையருகே விசைப்படகின் விளக்கைப் பார்க்காதவர் எங்கள் ஊர்களில் இல்லை. படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர், படகு எங்கே போகிறது என்பதைக் கரையில் இருந்தே காட்டக்கூடியது. அக்கருவியின் பதிவைக் காப்பக எல்லையோடு ஒப்பிட்டு மீறலுக்கு உரிமத்தை நிறுத்திவைக்க மீன்வளத் துறை முன்வர வேண்டும்.

விசைப்படகுக்காரர்களும் நம் மக்களே. இழுவை மடியிலிருந்து அவர்களை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றுவதற்காக 2017இல் தொடங்கிய திட்டம், 2,000 படகுகளை மாற்றுவதை இலக்காக வைத்தது. அந்த இலக்கின் அருகில்கூட அது போகவில்லை. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என மதிப்பிட்டு அதில் பெரும்பகுதியை மானியமாகத் தந்தபோதும், எஞ்சிய கடனும் ஆழ்கடல் பயிற்சியின்மையும் பலரைத் தடுத்தன. இலங்கை 2017இலேயே இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் மேயும் கடற்பசுவுக்காக மட்டுமல்லாமல், கைதாகிச் சிறையில் வாடும் நம் மீனவர்களுக்காகவும் அத்திட்டத்தை எளிய தவணையோடு மறுபடியும் வகுப்பது அவசியம்.

கட்டுப்பாடு என்றாலே மீனவர்கள் எதிர்ப்பார்கள் என்ற எண்ணம் அலுவலகங்களில் இருக்கிறது. அது சரியன்று. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பாக் விரிகுடாவில் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பது, கடும் மோதல்களுக்குப் பிறகும் இக்கரை மக்கள் பேசி முடிவுக்கு வரக்கூடியவர்கள் என்பதற்குச் சான்று. கடற்பசு மேயும் தரைகள் எவை என்பது வலை போடுபவர்களுக்குத் தெரியும். நீர் வற்றிய பொழுதில் புல்லுக்கு நடுவே அவை மேய்ந்துபோன தடம் நீண்ட வாய்க்காலாகத் தெரிவதை அவர்களே காட்டுவார்கள். அந்தத் தரைகளை அவர்கள் வாயால் கேட்டுக் குறித்து, அங்கு மட்டும் திருக்கை வலையை இரவில் இறக்குவதில்லை என்று ஊர்தோறும் ஒப்புக்கொள்ளச் செய்யலாம். அதனால் வரும் வருமான இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும். விரிகுடா முழுவதும் வலைக்குத் தடை போடுவதைவிட இது நடக்கக்கூடிய காரியம். மீனவர் பிழைப்பும் கெடாது.

வெளியிலிருந்தும் நெருக்கடி வந்துவிட்டது. கடல் பாலூட்டிகளைக் காப்பதில் தன் நாட்டு ஏற்பாட்டுக்கு ஈடான ஏற்பாடு இல்லாத மீன்பிடிப்பிலிருந்து வரும் கடல் உணவை வாங்குவதில்லை என்ற அமெரிக்க விதி, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆமைகளைக் காக்கும் கருவி இல்லை என்று கடலில் பிடித்த நம் இறாலை அந்நாடு 2019இல் நிறுத்தியதை ஏற்றுமதியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இனி வலையில் சாகும் கடல் பாலூட்டிகளின் உண்மையான கணக்கை நாம் காட்டியாக வேண்டும்; அச்சத்தில் மறைக்கப்படும் சாவுகளை வைத்து அந்தக் கணக்கு வராது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்கள் அந்நாட்களில் மல்லிப்பட்டினத்திலும் மணமேல்குடியிலும் இரு துறை அலுவலர்கள், விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்கங்கள், ஊர்த் தலைவர்கள், கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்கள் ஆகியோரைக் கூட்டி, மேலாண்மைக் குழுவில் மீன்வளத் துறைக்கும் மீனவர்களுக்கும் இடம், ரசீது கேட்காத இழப்பீடு, தகவல் தருபவருக்கு வழக்கின்மை உறுதி ஆகிய மூன்றையும் முதலில் முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சேதுபாவாசத்திரம்,
தஞ்சாவூர் மாவட்டம்.