குப்பியைத் திறக்குமுன்

நீடாமங்கலம்,
கார்த்திகை 4.

பிரியமுள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. ஐப்பசிக் கடைமுழுக்குக்கு மயிலாடுதுறைத் துலாக் கட்டம் வரை போயும் முட்டி வலியால் படியிறங்க முடியாமல், உன் மருமகள் செம்பில் முகந்து வந்த காவிரித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பினாய் என்று படித்ததும் வெகுநேரம் மனம் ஆறவில்லை. மூட்டுக்கு நல்லதென்று மகன் குளுக்கோசமின் மாத்திரைக் குப்பி வாங்கி அனுப்பியிருப்பதையும், எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒருவரை அடுத்த வாரம் வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பதையும் எழுதி, இரண்டையும் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய்.

விவரமெல்லாம் பிறகு எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதய வால்வு மாற்றியதிலிருந்து நீ இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டு வருகிறாய். உன் இதய மருத்துவரைக் கேட்காமல் அந்தக் குப்பியைத் திறக்காதே. வார்ஃபரினோடு குளுக்கோசமின் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் சிலருக்கு, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி, இரத்தக் கசிவு வரை போனது உலக சுகாதார நிறுவனத்தின் பக்கவிளைவுப் பதிவேட்டில் இருக்கிறது. மஞ்சள் சாறு அடைத்த மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் உனக்கு இதே வகையில்தான் சேரும். நீவுபவரிடமும் வார்ஃபரின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கட்டைவிரலால் ஆழமாக அழுத்தினால் உனக்குத் தசைக்குள்ளேயே இரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும்.

அந்த மாத்திரையை நானும் பத்து மாதம் சாப்பிட்டவள்தான். ஓய்வு பெற்ற மறு ஆண்டில் வலது முட்டி வீங்கியது, எக்ஸ்ரே எடுத்தார்கள், ஜவ்வு, அதாவது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு, தேய்ந்திருக்கிறது என்றார்கள், அன்று மாலையே குப்பி வீட்டுக்கு வந்துவிட்டது. தேய்ந்த இடத்தில் அதன் மூலப்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மறுபடியும் வளரும் என்ற பேச்சு, உயிரியல் பாடம் நடத்திய எனக்கே அப்போது நியாயமாகப் பட்டது. பிற்பாடு பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள 1,583 பேருக்கு 24 வாரம் மாத்திரை கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் குளுக்கோசமினும் காண்ட்ராய்டின் என்ற இன்னொரு மூட்டுச் சத்து 1,200 மில்லிகிராமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 67 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 விழுக்காட்டினருக்குக் குறைந்திருந்தது. அந்த வித்தியாசத்தைத் தற்செயலாகவும் வரக்கூடியது என்றே கணக்கிட்டார்கள். வலி கடுமையாக இருந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்த மாத்திரை நன்றாகவே உதவியதாகத் தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தாரின் 2019 வழிகாட்டுதல், முட்டித் தேய்மானத்துக்குக் குளுக்கோசமின் வேண்டாம் என்று உறுதியாகவே சொல்லிவிட்டது. எனக்கு முதல் மாதத்தில் கிடைத்த நிம்மதி எந்த வகையைச் சேர்ந்தது என்பது இப்போது புரிகிறது.

நம் இருவர் வீடும் சைவம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், காண்ட்ராய்டின் மாடு, சுறா போன்றவற்றின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. மக்காச்சோளத்தை நொதிக்கவைத்துச் செய்யும் குளுக்கோசமினும் கிடைக்கிறது என்றாலும், சைவத்துக்கான பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் பத்து மாதம் விழுங்கியிருக்கிறேன். இவற்றில் பல நம் நாட்டில் மருந்தாக அல்ல, உணவுப் பொருளாகவே விற்கப்படுகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகத்தை அப்படிப்பட்ட குப்பிகளின் மேல் அச்சிட்டாக வேண்டும். உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துப் பார்.

மஞ்சளைப் பற்றியும் கேட்டிருந்தாய். மஞ்சள்தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கே இருக்கிறது, அதுவும் குடலில் எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், இரண்டு கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உடலில் சேரும் அளவு 2,000 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். மாத்திரை செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மிளகுச் சத்து வேறு மருந்துகள் சிலவற்றையும் கூடுதலாக உள்ளே ஏற்றிவிடக்கூடியது, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் சேராது, அதை விடாதே. பிரண்டைத் துவையலும் நம் அம்மாக்கள் செய்தபடியே கணு நீக்கி, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, நாக்கு அரிக்காமலிருக்கப் புளி சேர்த்து அரைத்துச் சாப்பிடலாம். முடக்கத்தானை மாவோடு அரைத்துத் தோசை வார்க்கலாம். ஆனால் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரை வகைகளை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறு வாரம் நிறுத்தினால் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஏறி இறங்கி ஐ.என்.ஆர். தடுமாறும் என்பதால், எவ்வளவு சாப்பிட்டாலும் அந்த அளவு மாறாமல் பார்த்துக்கொள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் அதைச் சரிசெய்துகொள்ளத்தான் வேண்டும். முட்டித் தேய்மானம் அதனால் நின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனிக் கைவைத்தியம். நான் அதற்கு எதிரி இல்லை. தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகையாகச் சித்த மருத்துவம் பிரித்து வைத்திருக்கும் தொக்கணம் நம் மண்ணின் கலை. அறிந்தவர் கை பட்டால் இறுகிய தொடையும் கெண்டைக்காலும் தளர்வதை நானே உணர்ந்திருக்கிறேன். அறியாதவர் கை பட்டதன் பலனையும் அனுபவித்திருக்கிறேன். முட்டி சூடாக, வீங்கி, சிவந்திருந்த நாளில் ஓரிடத்தில் எண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் முழு பலத்தோடு அழுத்தினார்கள். எழுந்து நடக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. வீக்கமும் சூடும் உள்ள முட்டியை, காய்ச்சல் உள்ள உடம்பை, கீழே விழுந்து அடிபட்ட காலை, திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கும் கெண்டைக்காலை யாரும் நீவக் கூடாது. கடைசியில் சொன்னது இரத்தக் கட்டியாகவும் இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

எனக்கு வழி காட்டியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். முதல் நாள் அவர் எண்ணெயைத் தொடவே இல்லை. முட்டிச் சில்லை இரண்டு விரல்களால் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்தினார். காலை நீட்டவைத்து முழங்காலின் பின்புறத் தசையை இழுத்துப் பிடித்தார். பத்து நிமிடத்தில் கால் முன்பைவிட நன்றாக நீண்டது. "இந்தத் தளர்ச்சி சாயங்காலம் வரைக்கும்தான் இருக்கும். அதுக்குள்ள நீங்க அந்தக் காலுக்கு வேலை கொடுக்கணும்" என்றார். என் முட்டியைப் பற்றி நான் கேட்ட சொற்களில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்றும் இல்லை. ஜவ்வுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. நாம் காலை ஊன்றி எடுக்கும்போது அமுங்கியும் விரிந்தும்தான் அது மூட்டுநீரிலிருந்து ஊட்டத்தை வாங்கிக்கொள்கிறது. இதை எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருந்தும், சொந்த முட்டிக்கு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

டெக்சாஸில் ஓர் இராணுவ மருத்துவமனையில் 83 பேரை வைத்து இதைப் பார்த்து 2000-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கையால் செய்யும் சிகிச்சையும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் மூட்டு மாற்று அறுவைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐவர், பெயரளவுச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு இருபதின்மர். கை எவ்வளவு உதவியது, பயிற்சி எவ்வளவு உதவியது என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன 2019 வழிகாட்டுதல், நீவுதலையும் கைச்சிகிச்சையையும் சேர்க்காமல், பயிற்சியையும் எடை குறைப்பதையும்தான் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. என் அனுபவமும் அதுவே.

நான் செய்வதை எழுதுகிறேன். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்கிறேன், இப்படிப் பத்து முறை. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறேன், முதல் மாதம் ஐந்து முறை, இப்போது பதினைந்து. பிறகு அரை மணி நேர நடை. உனக்குப் படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருப்பது, தொடையின் முன்தசை உடல் எடையைப் பிடித்து நிறுத்தி மெல்ல இறக்க வேண்டியிருப்பதால்தான். அந்தத் தசை வலுப்பெற்றால் முட்டிக்குப் பாரம் குறையும். உடல் எடையில் ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கே இப்போது தாளடி நடவு. காலையிலிருந்து குனிந்த முதுகோடு சேற்றில் பின்னோக்கி நடந்து நடும் பெண்களில் முட்டி வலி இல்லாதவர் அரிது. அவர்களில் ஒருத்தி, நாலு நாள் கூலியைக் கொடுத்து நான் சாப்பிட்ட அதே மாத்திரையை வாங்கியிருப்பதாகப் போன வாரம் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. 2021 முதல் நடக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருவார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஐ.என்.ஆர். பார்க்கப் போகும்போது குப்பியையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டு. நீவ வருபவரைச் சில நாள் தள்ளிப் போடு. மருத்துவர் சம்மதித்தால், எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தவரிடம் உனக்கும் நேரம் கேட்டு வைக்கிறேன். இரண்டு நாள் என்னோடு தங்குவதுபோல் வா. இங்கே வேலியோரம் பிரண்டை இளசாகப் படர்ந்திருக்கிறது. வியாழன் இரவே ஐ.என்.ஆர். அளவு என்னவென்று தெரிவி.

உன்,
நீடாமங்கலத்துத் தோழி