பிராக் நகரை அரை நாளில் முடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மே மாத விடுமுறைக்கு ஐரோப்பா போக மதுரையில் பல குடும்பங்கள் முன்பணம் கட்டத் தொடங்கிவிட்டன. பத்து நாளில் ஏழு நாடு என்று போடும் பட்டியல்களில், செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்கு அரை நாள்தான் கிடைக்கிறது. பழைய நகரின் புகழ்பெற்ற வானியல் கடிகாரத்தின் முன் நின்று போட்டோ எடுத்துவிட்டு பஸ் ஏறுவதற்கா இவ்வளவு செலவு? அந்த ஊருக்கு மூன்று இரவாவது வேண்டும்.

வல்டாவா ஆற்றின் குறுக்கே 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், 30 சிலைகள். பத்து மணிக்கு மேல் போனால் மனிதத் தலைகள்தான் தெரியும். மே மாதத்தில் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். ஆறு மணிக்குப் போனால், தேர் போன மறுநாள் மாசி வீதி மாதிரி பாலம் வெறிச்சென்று இருக்கும். பழைய நகரிலிருந்து எதிர்க்கரை மேட்டில் உள்ள பிராக் கோட்டையை நோக்கி நடக்கும்போது வலப்பக்கம் புனித நெபோமுக் ஜானின் வெண்கலச் சிலை வரும். அதன் பீடத்தில் உள்ள தகடுகள் கறுத்திருக்க, கை படும் இடம் மட்டும் பொன்னாக மின்னும். மணற்கல் சிலைகளில் பல நகல்கள்தாம். மழையிலும் புகையிலும் அரிக்காதிருக்க அசலை உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

1890 வெள்ளத்தில் அடித்து வந்த மரக்கட்டைகள் வளைவுகளை அடைத்துக்கொள்ள, தண்ணீர் முட்டி மூன்று வளைவுகள் சரிந்தன. ஆகாயத்தாமரை அடைத்த வைகையைப் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கோட்டைக்கு நடந்து ஏற வேண்டாம். 22ஆம் எண் டிராமில் மேலே போய், பார்த்து முடித்து, நெருதோவா தெரு வழியாக இறங்கினால் பாலத்தருகே வந்துவிடலாம். வழியெல்லாம் கல் பாவிய தரை. குதிகால் உயர்ந்த செருப்பு ஆகாது. காகித டிக்கெட்டை டிராமில் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட் கையில் இருந்தும் பயனில்லை. பரிசோதகர் வந்தால் அபராதம்தான்.

அங்கே செலாவணி யூரோ அல்ல, கொருனா. ரூபாயில் கணக்கிடட்டுமா என்று ஏடிஎம் கேட்டால் மறுத்துவிடுங்கள். சம்மதித்தால் மெஷின் வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை. தெருவில் காசு மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் நிற்கவே வேண்டாம். வேறு நாட்டின் செல்லாத நோட்டைத் திணித்துவிட்டுப் போய்விடுவார். சைவர்களுக்கு வறுத்த சீஸும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். காய்கறி சூப்பில்கூட இறைச்சி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

விசாவில் பலர் தடுமாறுவது ஓரிடத்தில்தான். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும். சம அளவில் தங்கினால் முதலில் நுழையும் நாட்டிடம். பிராகில் நாட்களைக் கூட்டினால் விண்ணப்பிக்கும் நாடும் மாறலாம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

முன்பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: பிராகில் எத்தனை இரவு? ஓட்டல் ஆற்றங்கரைக்கு நடக்கிற தூரத்திலா, புறநகரிலா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் தொழிலில் உள்ள வாசகர்,
டவுன்ஹால் ரோடு, மதுரை.