போனி ஹிக்ஸை ஒரு மாதம் வாசிப்போம்

சிங்கப்பூரில் தமிழ் வாசகர் சந்திப்புகளை நடத்திவரும் அன்பர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு சந்திப்பில், இந்த ஊர் எழுத்தாளர்களில் யாரைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டார்கள். நான் போனி ஹிக்ஸ் என்றேன். "மாடலா இருந்த பொண்ணுதானே? விமான விபத்துல போயிடுச்சே" என்றார் மூத்தவர் ஒருவர். பேச்சு அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் ரயிலில் வீடு திரும்பும்வரை எனக்கு மனம் ஆறவில்லை.

அவர் சொன்ன இரண்டும் உண்மைதான். போனி மாடலாக இருந்தார். 1997 டிசம்பர் 19 அன்று, ஜகார்த்தாவிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்த சில்க்ஏர் விமானம் சுமத்ராவின் மூசி ஆற்றில் விழுந்தபோது, அதிலிருந்த 104 பேரும் இறந்தார்கள், அவர்களில் போனியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 29. மணந்துகொள்ள இருந்தவரும் அதே விமானத்தில் இருந்தார். ஆனால் இடையில் அவர் எழுதினாரே, அதை ஏன் நாம் பேசுவதில்லை?

1968இல் கோலாலம்பூரில் பிறந்தவர். தாய் சீனர், தந்தை ஆங்கிலேயர். தந்தையின் நிழலில் வளரவில்லை. தாய் சிங்கப்பூரின் செந்தோசா தீவில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதால், பதின்ம வயதை அங்கே கழித்தார். பத்தொன்பது வயதளவில் மாடலிங். பத்திரிகை அட்டைகளில் முகம் வந்தது. அதோடு நின்றிருந்தால் நானும் அவரை மறந்திருப்பேன்.

1990இல், இருபத்திரண்டு வயதில், 'எக்ஸ்கியூஸ் மீ, ஆர் யூ எ மாடல்?' வெளிவந்தது. தன் வாழ்க்கையை, தன் உடலை, தான் விரும்பியவர்களை, மாடல் உலகத்தின் உள்பக்கத்தை ஒளிக்காமல் எழுதியிருந்தார். மூன்று நாளில் 12,000 பிரதிகள் போயின. இவ்வளவு சின்ன ஊரில்! வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளையர்கள். பெரியவர்கள் பலருக்குக் கோபம். இந்த வயதில் என்ன சுயசரிதை, ஆசியப் பெண் இப்படியா எழுதுவாள் என்றார்கள். நாளிதழில் அவர் எழுதிய பத்திக்கும் எதிர்ப்பு வந்தது. இலக்கிய ஆய்வாளர்கள் அந்தப் புத்தகத்தை மதிப்போடு பார்க்கத் தொடங்கியதெல்லாம் பிற்பாடுதான்.

1992இல் 'டிஸ்கஸ் டிஸ்கஸ்ட்' என்ற குறுநாவல். பாலியல் தொழில் செய்யும் தாயை ஒரு குழந்தையின் கண்ணால் பார்ப்பது. எனக்கு முதல் புத்தகத்தைவிட இதுதான் பெரிது. குழந்தை அம்மாவைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்காரவில்லை, அவளுக்காகக் காத்திருக்கிறது. வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் அவர் மெல்ல மாடலிங்கை விட்டு விலகி, படிப்பின் பக்கம் திரும்பினார். ஹார்வர்டில் கன்பூசியச் சிந்தனை கற்பித்த டூ வெய்மிங்கோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். விபத்தைப் பற்றி, விமானியைப் பற்றி எத்தனையோ பேசிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

இதைத் தமிழ் வாசகர்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், நம் வீடுகளிலும் எழுதுகிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். என் அக்கா மகள் உயர்நிலை நான்கில் எழுதிய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அழகான தமிழ். "இதையெல்லாம் வெளியே காட்டாதே, நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று வீட்டில் சொன்னதும் நிறுத்திவிட்டாள். அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. போனியைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியைத்தான் நாம் அவளிடமும் கேட்டோம்.

ஆகவே ஒரு மாதச் சந்திப்பை போனிக்குக் கொடுங்கள். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் பேசுவோம். குறுநாவலில் சில பக்கங்களையாவது உரிய அனுமதியோடு தமிழாக்க முயல்வோம். அந்தக் கூட்டத்துக்கு இளம்பெண்கள் தங்கள் நோட்டோடு வரட்டும். விரும்பினால் வாசிக்கட்டும், இல்லையென்றால் சும்மா கேட்டுவிட்டுப் போகட்டும்.

புத்தகம் கிடைப்பது கடினம் என்று யாரும் தயங்க வேண்டாம். பிராஸ் பசா காம்ப்ளக்ஸ் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. முதுகு பிரிந்திருக்கிறது, பார்த்துப் புரட்ட வேண்டும். முதலில் என் அக்கா மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் முடித்ததும் உங்களில் யார் கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி